பழைய பர்ஃபார்மன்ஸ் பாகங்களை விற்று அடுத்த அப்கிரேடுக்குப் பணம் திரட்டுவது: முழுமையான வழிகாட்டி

காரில் வேகத்துக்கும் கையாளுதலுக்கும் கூடுதலாக மாட்டிய பர்ஃபார்மன்ஸ் பாகங்களைப் புதிதாக விற்க வருபவர்களில் பலர் பேரம் பேசும்போது பணத்தை இழப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பணம் கழற்றும் நாளிலேயே போய்விடுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டர்போவை (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) ஒரு வீடியோகூட எடுக்காமல் கழற்றி, போல்ட்டுகளை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டி, மூன்று மாதம் மூலையில் போட்டுவிட்டு, பிறகு "நல்ல கண்டிஷன்" என்று எழுதினால் வாங்குபவர் எதை வைத்து நம்புவார்? அவர் கெட்டதைக் கணக்கில் வைத்துத்தான் விலை கேட்பார்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படியைத் தாண்டிவிட்டால், பெரும்பாலானவற்றை மறுபடி போய்ச் செய்ய முடியாது.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் வெர்னியர், காந்தத் தாங்கியோடு டயல் கேஜ், மல்டிமீட்டர், டயர் ஆழம் பார்க்கும் கேஜ், 30 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, டார்க் ரெஞ்ச், வெவ்வேறு அளவில் ஜிப் பைகள், அழியாத பெயின்ட் மார்க்கர். இவற்றோடு முக்கியமாக, காரோடு வந்த ஒரிஜினல் பாகங்கள் அவற்றின் பிராக்கெட், கிளாம்ப், ஹோஸ் உட்பட எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டாக் (காரோடு வந்த ஒரிஜினல்) ஏர்பாக்ஸ் இருக்கிறது, ஆனால் அதைப் பிடிக்கும் ரப்பர் குரோமெட் இல்லை என்பது கழற்றிய பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

## 1. எது எதை நம்பி இருக்கிறது என்று தாளில் எழுதுங்கள்

மாடிஃபை செய்த காரில் எந்தப் பாகமும் தனியாக நிற்பதில்லை. ஒன்றை எடுத்தால் அதற்குப் பக்கத்தில் இருப்பதும் ஆடும். விற்க நினைக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் நேராக மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: அதன் இடத்தில் என்ன வரும், அதற்கு மேப் (என்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவில் எழுதியிருக்கும் எரிபொருள், இக்னிஷன் அளவுகள்) மாற வேண்டுமா, கார் நகருமா.

என்ஜினுக்கு எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் பெரியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூன் செய்யும்போது இன்ஜெக்டர் பெரிது என்று ஈசியூவுக்குச் சொல்லியிருப்பார்கள். அதனால் அது குறைந்த நேரமே திறக்கும். அந்த மேப்பை அப்படியே விட்டுவிட்டு ஸ்டாக் இன்ஜெக்டரைப் போட்டால் தேவையான எரிபொருள் போகாது, என்ஜின் லீனாக, அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாமல், ஓடும். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது லீனாக ஓடினால் பிஸ்டன் உருகும் அளவுக்கு ஆபத்து. இன்ஜெக்டர் விற்று வந்த காசைவிட என்ஜின் வேலைக்குப் பல மடங்கு போய்விடும்.

காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக்கிலும் இதே கதைதான். விட்டம் பெரிதான குழலில் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால், அதே அளவு காற்று மெதுவாகக் கடக்கும். சென்சார் குறைவாகக் காட்டும். மேப்பில் அதற்கு ஈடு செய்திருப்பார்கள். ஸ்டாக் குழலைத் திரும்பப் போட்டதும் அந்த ஈடு அதிகப்படியாகி ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) ஓடும். ஆகவே இன்டேக், இன்ஜெக்டர், டர்போ, ஃப்யூயல் பம்ப் எதை விற்பதாக இருந்தாலும் முதலில் ஸ்டாக் மேப்புக்கோ புதிய அமைப்புக்கான மேப்புக்கோ ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

பிரேக்கில் வேறு மாதிரிச் சிக்கல். பெரிய கேலிப்பர் (டிஸ்கில் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) போட்ட காரில் 18 அங்குல வீல்களை விற்றுவிட்டு ஸ்டாக் 16 அங்குல வீலை மாட்டப் போனால் ஸ்போக்கோ பேரலோ (வீலின் உள்வளையம்) கேலிப்பரில் இடிக்கும். வீல் ஏறவே ஏறாது. வீலை விற்கும் முன் ஸ்டாக் வீல் ஒன்றை முன்பக்கம் மாட்டி, கையால் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இந்தத் தாள் தயாரானதும் விற்கும் வரிசை தானாகத் தெரியும்:

- ஏற்கெனவே கழற்றி வைத்திருப்பவை முதலில்.
- மாற்றுப் பாகம் கையில் வந்து, பொருந்துகிறது என்று பார்த்தாகிவிட்டவை அடுத்து.
- கழற்றினால் கார் நகராமல் போகும் பாகங்கள் கடைசியில். புதியது "ஆர்டர் போட்டாச்சு" என்ற நிலையில் பழையதை விற்காதீர்கள். டெலிவரி தள்ளிப்போனால் கார் ஜாக்ஸ்டாண்டில் நிற்கும். அவசரத்தில் ஏதாவது ஒரு பாகத்தை வந்த விலைக்கு வாங்கி மாட்டுவீர்கள்.

## 2. பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியவை

சில பாகங்களை விற்கவே கூடாது. விபத்தில் இழுபட்ட சீட் பெல்ட், ஹார்னெஸ், கீழே விழுந்த ஹெல்மெட், விரிசல் விட்ட பக்கெட் சீட் ஆகியவை குப்பைக்குத்தான். எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) முத்திரையுள்ள ஹார்னெஸில் காலாவதி ஆண்டு லேபிளிலேயே இருக்கும். அது தாண்டியிருந்தால் போட்டிகளில் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும் வகைப் போல்ட்டுகளை "ஹார்டுவேரோடு" என்று எழுதி விற்காதீர்கள். பல கார்களில் ஃப்ளைவீல், ஹெட் போல்ட்டுகள் இந்த வகை. நசுங்கிய வாஷர், ஒருமுறை பயன்படுத்திய கேஸ்கெட்டும் அப்படித்தான். பழைய போல்ட்டை மாதிரிக்காக அனுப்பலாம். "புதிது வாங்கவும்" என்று பையின் மேல் எழுதி அனுப்புங்கள்.

எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுப்பதற்கும், பழையதை விற்பதற்கும் பல நாடுகளில் தனிச் சட்டம் உண்டு. உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்க்காமல் விளம்பரம் போடாதீர்கள். ஒரிஜினல் கன்வெர்ட்டர், ஒரிஜினல் ஈசியூ, சாவியோடு சேர்ந்த இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பாகங்கள் மூன்றையும் எந்த விலைக்கும் கொடுக்க வேண்டாம். காரை ஒருநாள் புகைப் பரிசோதனைக்கோ விற்பனைக்கோ கொண்டுபோக வேண்டிவரும்போது இவற்றைத் திரும்ப வாங்குவதுதான் மிகக் கடினம்.

## 3. கழற்றும் முன் காரிலேயே சாட்சி எடுங்கள்

வாங்குபவரின் ஒரே பயம், கெட்டுப்போனதால்தான் கழற்றியிருப்பார்களோ என்பது. அதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பு பாகம் காரில் இருக்கும்வரைதான்.

டர்போவுக்கு: குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்வதிலிருந்து வெட்டில்லாத ஒரே வீடியோ. எக்ஸாஸ்ட் முனையில் புகை வருகிறதா என்று தெரிய வேண்டும். சூடானதும் பூஸ்ட் கேஜ் இலக்கு வரை ஏறி அங்கேயே நிற்பதைக் காட்டுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் படம் எடுக்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், அல்லது டேட்டா லாக் எடுங்கள். லாக் இருந்தால் வீடியோவைவிட நல்லது.

காயில்ஓவருக்கு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரான டேம்பரும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய அமைப்பு): காரின் நான்கு மூலையிலும் ஃபெண்டர் விளிம்பிலிருந்து வீல் நடு வரை உயரத்தை அளந்து படம் எடுங்கள். ஒவ்வொரு டேம்பரின் அட்ஜஸ்டரையும் முழுக்க மூடி, எத்தனை கிளிக் திறக்கிறது என்று எண்ணுங்கள். நான்கில் ஒன்று மட்டும் குறைவாக எண்ணினால் அந்த வால்வில் பிரச்சினை. கழற்றிப் பெட்டியில் போட்ட பிறகு இது தெரிய வருவதைவிட இப்போதே தெரிவது மேல்.

எக்ஸாஸ்டுக்கு ஐட்லிலும் 3,000 ஆர்பிஎம்மிலும் சத்தம். கிளட்சுக்கு உயர் கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஆர்பிஎம் மட்டும் தாவாமல் காரும் சேர்ந்து ஏறுவதைக் காட்டும் லாக்.

எல்லா வீடியோவின் தொடக்கத்திலும் ஓடோமீட்டர் தெரியட்டும். நம்பர் பிளேட்டும் வீட்டு முகப்பும் தெரிய வேண்டாம்.

## 4. கழற்றுதல்

முதல் நாள் இரவே எக்ஸாஸ்ட் ஸ்டட், டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) நட், காயில்ஓவர் லாக் ரிங் எல்லாவற்றிலும் துரு இளக்கும் எண்ணெயை அடியுங்கள். காலையில் மறுபடி ஒருமுறை. ஒரு ஸ்டட் முறிந்தால் அதைத் துளையிட்டு எடுக்க அரை நாள் போகும், பாகத்தின் விலையும் இறங்கும்.

ஆக்ஸிஜன் சென்சாரை என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுங்கள். முழுக்க ஆறிய பிறகு முறுக்கினால் மரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

காயில்ஓவரின் நடு நட்டில் இம்பாக்ட் கன்னை வைக்காதீர்கள். டேம்பர் தண்டு உள்ளே வேகமாகச் சுழன்று சீல் கிழியும். வெளியே எதுவும் தெரியாது. வாங்கியவர் மாட்டி ஒரு வாரத்தில் எண்ணெய் கசியும், அவர் உங்களைத்தான் ஏமாற்றுக்காரர் என்பார். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும்போது அந்த நட்டைத் திறப்பது உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு, ஸ்பிரிங் இரு முனையிலும் தளர்ந்து ஆடுகிறதா என்று கையால் பார்த்த பிறகே திறக்க வேண்டும். முழு அசெம்பிளியாகவே விற்பதென்றால் அந்த நட்டைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த ஓட்டையிலேயே இரண்டு சுற்று கையால் திருகி விடுங்கள். முடியாதவற்றை ஜிப் பையில் போட்டு "டவுன்பைப் – டர்போ பக்கம், 5 நட், எம்10" என்பதுபோல் எழுதுங்கள். இந்தப் பைகள் விலையில் பேசும். கிளாம்ப், பிராக்கெட், ஆயில் லைன், பான்ஜோ போல்ட் (எண்ணெய் ஓடத் துளையுள்ள போல்ட்) எல்லாம் இருக்கும் டர்போவை வாங்குபவர் அன்றைக்கே மாட்டலாம். இல்லாததை வாங்கினால் ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டும், அந்த அலைச்சலுக்கான தொகையை உங்கள் விலையில்தான் கழிப்பார்.

டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு, கேலிப்பர் எதைக் கழற்றினாலும் திறந்த துளைகளை உடனே மூடுங்கள். துணியைத் திணிக்காதீர்கள். உள்ளே மறந்துபோய் என்ஜினுக்குள் போன துணிகள் ஏராளம். பிளாஸ்டிக் மூடி போடுங்கள், அல்லது வெளியே தெரியும்படி பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள்.

## 5. கழுவுங்கள், பெயின்ட் அடிக்காதீர்கள்

டிகிரீசரும் மென்மையான பிரஷும் போதும். டர்போவின் கம்ப்ரஸர் வீலை (காற்றை அழுத்தும் விசிறி) தொடாதீர்கள். வயர் பிரஷ் பட்டால் பேலன்ஸ் போகும். இன்ஜெக்டரின் முனையைச் சுரண்டாதீர்கள்.

புதிதாக ஸ்ப்ரே அடித்த கேலிப்பரையும் டவுன்பைப்பையும் பார்த்தால் தெரிந்தவர்கள் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். பெயின்ட் விரிசலையும் வெல்டையும் மறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுத்தமான, கீறல் தெரியும் உலோகத்துக்குத்தான் நல்ல விலை.

## 6. அளந்து எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். "சூப்பர் கண்டிஷன்" என்ற சொல்லுக்கு விலை இல்லை. எண்ணுக்கு விலை உண்டு.

டர்போ. நுழைவு வழியாகத் தண்டின் நட்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். கையில் உணரும்படி ஆடினால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது. டயல் கேஜ் வைத்து அளந்து அந்த எண்ணை எழுதி, ரீபில்டு வேண்டும் என்று சொல்லி விற்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆடுவது வேறு விஷயம். ஜர்னல் பேரிங் டர்போவில் எண்ணெய்ப் படலத்துக்காக இடைவெளி விட்டிருப்பார்கள், எண்ணெய் இல்லாதபோது அது ஆட்டமாகத் தெரியும். பிளேடு நுனி ஹவுசிங்கைத் தொடாதவரை கவலை இல்லை. தொட்டிருந்தால் ஹவுசிங்கின் உள்சுவரில் பளபளப்பான வளையக் கோடு இருக்கும். டார்ச் அடித்து அந்த இடத்தைப் படம் எடுங்கள். கம்ப்ரஸர் வெளிவாயில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு பல கார்களில் பிரீதர் (என்ஜினின் ஆவி வெளியேறும் குழல்) வழியாக வருவது. தேங்கி நின்றால்தான் சந்தேகம். டர்பைன் ஃபிளாஞ்ச் வகை, ஹவுசிங் ஏ/ஆர் (ஹவுசிங்கின் அளவைக் குறிக்கும் விகிதம்), வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) கம்பி அசைகிறதா என்பதையும் சேருங்கள்.

காயில்ஓவர். தண்டை அழுத்தி விடுங்கள். கேஸ் அழுத்தமுள்ள மோனோட்யூப் (ஒற்றைக் குழல் டேம்பர்) தானாகத் திரும்பி நீள வேண்டும். உள்ளே போனது அப்படியே நின்றால் கேஸ் போய்விட்டது. அழுத்தும் திசை மாறும் இடத்தில் ஒரு வெற்று அசைவு இருந்தாலோ, களக்களவென்று சத்தம் வந்தாலோ எண்ணெய் குறைந்திருக்கிறது. ஸ்பிரிங்கில் அச்சிட்டிருக்கும் ரேட்டையும் நீளத்தையும் படம் எடுங்கள். முன் 8, பின் 6 கிலோ/மி.மீ. என்பது ஒருவருக்குப் பிடித்தது, இன்னொருவருக்கு ஒத்தே வராது. மரை முழுக்க ரிங் சுழல்கிறதா, உயரம் இறக்க ஏற்ற முடிகிறதா என்று செய்து பார்த்து எழுதுங்கள். துருவில் இறுகிப்போன காயில்ஓவர் ஒரே உயரத்துக்கு மட்டும்தான் உதவும்.

வீல். ஸ்போக்கின் பின்பக்கம் செதுக்கியிருப்பதை அப்படியே படம் எடுத்தால் பாதி கேள்விகள் வராது: அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது), போல்ட் இடைவெளி (போல்ட்டுகளின் எண்ணிக்கை × அவை அமரும் வட்டத்தின் விட்டம், மி.மீ.). 5×114.3 என்பதை 5×114 என்று எழுதினால் பரவாயில்லை; 5×100 காருக்கு 5×112 போகும் என்று யாரோ சொன்னதை எழுதினால் அது விபத்து. நடுத்துளை விட்டத்தை வெர்னியரில் அளந்து, ஹப் ரிங் (நடுத்துளையில் மிஞ்சும் இடைவெளியை நிரப்பும் வளையம்) சேருமா என்று சொல்லுங்கள். டயரைக் கழற்றியாகிவிட்டது என்றால் உள்விளிம்பை முழுச் சுற்று விரலால் தடவிப் பாருங்கள். விரிசலும் வளைவும் அதிகம் வருவது வெளியே தெரியாத அந்தப் பக்கம்தான். பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு, டயல் கேஜில் எவ்வளவு விலகுகிறது என்பதை நான்கு வீலுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். வெல்ட் செய்து சரிசெய்த வீல் இருந்தால் எது, எங்கே என்று காட்டுங்கள். நட்டின் அமர்வு கூம்பா, பந்து வடிவமா என்பதும் வேண்டும். மாற்றிப் போட்டால் நட் இறுகியதுபோல் தோன்றி ஓட்டத்தில் தளரும்.

டயரோடு விற்றால் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைக் கொடுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆழத்தை உள், நடு, வெளி என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ஒரே எண் கொடுத்தால் கேம்பர் (வீலின் சாய்வு) தின்ற உள்பக்கத்தை மறைப்பதாகத்தான் நினைப்பார்கள்.

பிரேக். டிஸ்கில் குறைந்தபட்சத் தடிமன் அச்சிட்டிருக்கும். அதையும், இன்றைய தடிமனையும் ஒரே படத்தில் காட்டுங்கள். விளிம்பில் தேயாத உதட்டின் மேல் வெர்னியரை வைத்தால் தடிமன் அதிகமாகக் காட்டும். உதட்டைத் தாண்டி உள்ளே அளக்க மைக்ரோமீட்டர் இருந்தால் நல்லது. துளையிட்ட டிஸ்கில் துளைக்குத் துளை ஓடும் மயிரிழை விரிசல்களைப் படம் எடுங்கள். கேலிப்பரில் டஸ்ட் பூட் கிழியாமல் இருக்கிறதா, பிஸ்டன் எல்லாம் உள்ளே தள்ளப்படுகின்றனவா என்பதைச் சொன்னால் போதும்.

இன்ஜெக்டர். மல்டிமீட்டரில் நான்கையும் அளங்கள். ஹை இம்பிடன்ஸ் (அதிக மின்தடை) வகை ஏறக்குறைய 12–16 ஓம், லோ வகை 2–3 ஓம் காட்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். ஃப்ளோ டெஸ்ட் அறிக்கை இருந்தால் விற்பனை வேகமாகும். சிசி எண்ணோடு (நிமிடத்துக்கு எவ்வளவு எரிபொருள் பாய்கிறது என்பது) எந்த அழுத்தத்தில் அளந்தது என்பதும் வேண்டும். 3 பாரில் அளந்ததையும் 4 பாரில் அளந்ததையும் ஒப்பிட்டால் தவறான முடிவுதான் வரும்.

ட்யூனிங் கருவி, தனி ஈசியூ (ஒரிஜினலுக்குப் பதிலாகப் போடுவது). மேப் எழுதும் ட்யூனிங் கருவிகள் பல உங்கள் காரின் சேசிஸ் எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும். அப்படியானால் ஸ்டாக் மேப்பை அதே கருவி வழியாகக் காருக்குத் திருப்பி எழுதி, பூட்டை விடுவித்த பிறகே விற்க வேண்டும். ஒருமுறை பூட்டினால் விடுபடாத வகைகளும், உரிமம் மாற்ற உற்பத்தியாளருக்குக் கட்டணம் கட்ட வேண்டியவையும் உண்டு. முன்பே விசாரித்து விளம்பரத்தில் எழுதுங்கள். புதிதாக விற்பவர்கள் பணத்தைத் திருப்பித் தர நேர்வது இந்தப் பொருளில் அதிகம்.

## 7. விலை வைப்பது

விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பவைதான் கண்ணில் அதிகம் படும். விற்றுப்போனவற்றின் விலையைத் தேடுங்கள்.

மேல் எல்லை என்பது அதே பாகம் புதிதாக இன்று தள்ளுபடியில் கிடைக்கும் விலை. நீங்கள் வாங்கியபோது இருந்த விலைக்கு இங்கே வேலை இல்லை. வாரண்டி போனதற்கும், மாட்டிப் பார்க்கும்வரை தெரியாத அபாயத்துக்கும் அதிலிருந்து கழியும். நல்ல பிராண்டு, எல்லா ஹார்டுவேரும், பில்லும் இருந்தால் பாதிக்கு மேல் எதிர்பார்க்கலாம். தேயும் பாகங்களில், அதாவது கிளட்ச், டயர், டிஸ்க்கில், மீதி ஆயுளுக்குத்தான் விலை. மாட்டுவதற்கு மெக்கானிக்குக் கொடுத்த கூலியும், உங்களுக்குப் பிடித்த நிறத்தில் பவுடர் கோட் அடித்த செலவும் திரும்ப வராது.

செட்டைப் பிரிப்பதா? காயில்ஓவர், வீல், இன்ஜெக்டரை ஒருபோதும் பிரிக்காதீர்கள். மிஞ்சும் மூன்றை யாரும் வாங்க மாட்டார்கள். டர்போ கிட் வேறு மாதிரி. முழுதாக விற்றால் மெதுவாகப் போகும், பிரித்தால் மொத்தத் தொகை கூடும். ஆனால் பிரித்து விற்றதில் டர்போவும் இன்டர்கூலரும் முதல் வாரமே போய், அந்த ஒரு காருக்கு மட்டும் பொருந்தும் பைப்பிங்கும் மேனிஃபோல்டும் உங்களிடமே தங்கிவிடும். முதல் இரண்டு வாரம் முழு கிட்டாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பிரிப்பது எங்கள் பரிந்துரை.

நகல் வீல், நகல் டர்போ என்றால் நகல் என்றே எழுதுங்கள். அதற்கும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

## 8. விளம்பரம்

தலைப்பில் காரின் மாடல், தலைமுறை, ஆண்டு வரம்பு, பாகத்தின் பெயர், பிராண்டு, அளவு. பார்ட் நம்பரை உள்ளே முதல் வரியில் கொடுங்கள். தேடுபவர்கள் அதைத்தான் தட்டச்சு செய்கிறார்கள்.

அடுத்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது, டிராக்கில் எத்தனை நாள், என்னென்ன சேரும், என்னென்ன சேராது. "சேராதவை" என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு வரும் சண்டைகளில் பெரும்பகுதி அந்த ஒரு வரி இல்லாததால்தான்.

படங்கள் பகல் வெளிச்சத்தில், நிழலில். ஃப்ளாஷ் வேண்டாம், உலோகத்தில் பட்டு விரிசல் தெரியாமல் போகும். குறைகளின் படங்களை கடைசியில் ஒளிக்காமல் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வையுங்கள். அன்றைய தேதி எழுதிய தாளைப் பாகத்தின் மேல் வைத்து ஒரு படம் எடுத்தால், பொருள் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படாது.

## 9. பேச்சும் பணமும்

பார்க்காமலேயே "கடைசி விலை என்ன?" என்று கேட்பவருக்கு விளம்பர விலையையே மறுபடி சொல்லுங்கள். குறைப்பதாக இருந்தால் நேரில் வந்து பாகத்தைக் கையில் எடுத்தவருக்குக் குறையுங்கள். யாருக்காகவாவது பொருளை எடுத்து வைக்க வேண்டுமென்றால் முன்பணமும் ஒரு கெடு நாளும் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி இரண்டு வாரம் காத்திருந்தால் உண்மையாக வாங்க வந்தவர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார்.

மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வீலை ஹப்பில் வைத்துப் பார்ப்பது சரி. டர்போவை மாட்டி ஓட்டிப் பார்ப்பது சரியில்லை. ஆயில் லைன் சரியாக இணைக்காமல் ஸ்டார்ட் செய்தால் சில நிமிடங்களிலேயே பேரிங் போய்விடும், அது யார் தவறு என்று நிரூபிக்க முடியாது.

பணம் வந்துவிட்டதா என்பதை உங்கள் வங்கிக் கணக்கில் மட்டுமே பாருங்கள். அவர் காட்டும் திரையையும் குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம். கேட்டதைவிட அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொன்னால் அது மோசடி. அனுப்பியதாகச் சொல்லும் பணம் பிறகு வராமலோ திரும்பிப் போயோ விடும்; நீங்கள் அனுப்பியது மட்டும் உண்மையாகப் போயிருக்கும்.

நேரில் கொடுப்பதென்றால் பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில்.

## 10. பேக்கிங்

விலை சொல்லும் முன்பே பெட்டியின் அளவைக் கணக்கிடுங்கள். கூரியர் நிறுவனங்கள் உண்மை எடை, கன எடை இரண்டில் பெரியதற்குக் கட்டணம் போடுகின்றன. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. வேறு எண்ணால் வகுப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். 150×40×30 பெட்டியில் போகும் எக்ஸாஸ்டின் உண்மை எடை 14 கிலோ என்றாலும் கன எடை 36 கிலோ. 50×50×28 பெட்டியில் போகும் ஒரு வீலின் கன எடை 14 கிலோதான். எக்ஸாஸ்ட், பானட், சீட் மூன்றையும் நேரில் வந்து எடுப்பவருக்கே விற்பது நல்லது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

எண்ணெயும் எரிபொருளும் சொட்டுகூட இருக்கக் கூடாது. ஃப்யூயல் பம்ப், இன்ஜெக்டர் ரெயிலை வடித்து, மணம் போகும்வரை காற்றாட வைத்துப் பையில் அடையுங்கள். பெட்ரோல் மணக்கும் பெட்டியைக் கூரியரில் நிறுத்திவிடுவார்கள். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங், லித்தியம் பேட்டரி, நைட்ரஸ் சிலிண்டர் ஆகியவை அபாயப் பொருள் விதிகளுக்குள் வருபவை. சாதாரணப் பார்சலாக அனுப்பக் கூடாது.

டர்போவின் ஸ்டட்டுகள் அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். ஃபிளாஞ்சின் மேல் பிளைவுட் துண்டு ஒன்றை அதே ஸ்டட்டில் நட் போட்டுப் பிடியுங்கள். பிறகு தடித்த பையில் சுற்றி, இரட்டை அடுக்கு அட்டைப்பெட்டியில், ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. மெத்தை வையுங்கள். கசக்கிய செய்தித்தாள் கனமான உலோகத்தைத் தாங்காது. முதல் குலுக்கலிலேயே தட்டையாகி பாகம் பெட்டிக்குள் ஓட ஆரம்பிக்கும். மூடிய பெட்டியைக் குலுக்குங்கள். உள்ளே அசைவு தெரிந்தால் மறுபடி திறக்க வேண்டியதுதான்.

காயில்ஓவரில் அட்ஜஸ்டர் நாப்தான் முதலில் உடையும். அதைக் கழற்றித் தனிப் பையில் போடுங்கள். வீலின் முகப்பில் வட்டமாக வெட்டிய அட்டை, விளிம்பில் பிளந்த ரப்பர் ஹோஸ். ஈசியூவுக்கு ஆன்டிஸ்டாட்டிக் பை.

மூடும் முன் பாகத்தின் மறைவான இடத்தில் பெயின்ட் மார்க்கரால் ஒரு சிறிய குறி இட்டு, சீரியல் எண்ணோடு சேர்த்துப் படம் எடுங்கள். தன் பழைய கெட்ட பாகத்தைத் திருப்பி அனுப்பி "வேலை செய்யவில்லை" என்பவரிடம் இந்தக் குறிதான் பேசும். பேக் செய்வதை ஆரம்பத்திலிருந்து ரசீது ஒட்டும்வரை ஒரே வீடியோவாக எடுத்து, உண்மை மதிப்பைச் சொல்லி இன்ஷூரன்ஸ் போடுங்கள். மதிப்பைக் குறைத்துச் சொன்னால் உடைந்தபோதும் அந்தக் குறைந்த தொகைதான் வரும்.

## 11. அனுப்பிய பிறகு

என்ன பொறுப்பு, எதுவரை என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு நியாயமாகப் படுவது: பெட்டி கிடைத்த 48 மணி நேரத்துக்குள், மாட்டுவதற்கு முன், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக ஏதாவது இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வது. மாட்டிய பிறகு பொறுப்பு வாங்கியவருடையது.

டார்க் அளவுகள், ஆயில் லைன் வாஷரின் அளவு, எந்த கேஸ்கெட் புதிதாக வாங்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி பெட்டிக்குள் போடுங்கள். டர்போ என்றால் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் நுழைவில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கையால் சுழற்றச் சொல்லுங்கள். அவர் சரியாக மாட்டினால் உங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் குறையும், அடுத்த பாகத்துக்கு அவரே வருவார்.

## 12. கணக்கு

விற்ற தொகை முழுவதையும் அப்கிரேடுக்கான காசாக எண்ணுவதுதான் திட்டத்தை நடுவழியில் நிறுத்தும் தவறு. காயில்ஓவர் விற்று 100 வந்தது என்று வையுங்கள். கூரியர் 8, பேக்கிங் 3, திரும்பப் போடும் பாகத்துக்குப் புதிய டாப் மவுன்ட், நட் 9, மறுபடி வீல் அலைன்மென்ட் 6. கையில் நிற்பது 74. புதியதை மாட்டும்போது அலைன்மென்ட் இன்னொரு முறை. இந்த எண்கள் கணக்குக் காட்டுவதற்காக மட்டும். உங்களுடையதை நீங்கள்தான் போட வேண்டும். ட்யூன் தேவைப்படும் பாகமென்றால் மேப்புக்கான கட்டணம் இதே பட்டியலில் மிகப் பெரிய வரியாக வரும்.

இடையில் ஸ்டாக்குக்குத் திரும்பாமல், புதியது வந்த நாளில் பழையதைக் கழற்றினால் இந்தச் செலவுகளில் பாதி இல்லை. அதற்குப் புதியதற்கான பணத்தின் ஒரு பகுதியாவது முன்பே சேர்ந்திருக்க வேண்டும். சும்மா கிடக்கும் பாகங்களை முதலில் விற்கச் சொன்னது அந்தப் பகுதியைச் சேர்ப்பதற்காகத்தான்.

வரும் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்ன 48 மணி நேரம் முடியும்வரை அதிலிருந்து எதையும் ஆர்டர் செய்யாதீர்கள்.